கோட்டின் வால்

நான் ஒரு மூளையையும் பார்த்ததில்லை.
ட்ரோம்ஸோ மருத்துவமனையின் நிலவறையில்
கொதிகலன் அறைக்கு அடுத்த கதவு என்னுடையது.
ஆறாம் தளத்தில் இங்குன் ஹால்ட்பாக் மண்டையைத் திறப்பாள்;
கீழே எனக்கு ஓர் எண் வந்து சேரும்.

முதல் எண் வந்தது ஜூன் மாதத்தில்.
அறுவைக்கு முன் குடிக்கக் கொடுக்கும் கரைசல்
கட்டிக்குள் போய்த் தங்கி
நீல ஒளியில் இளஞ்சிவப்பாய் எரியும்,
வெட்டவேண்டியதைக் காட்டிக்கொடுக்கும்.
குடித்தவர்மேல் ஒரு நாள் முழுக்க வெயில் படக்கூடாது.
நள்ளிரவிலும் சூரியன் இறங்காத ஊரில்!
இங்குன் நாற்காலிமேல் ஏறி
ஜன்னலுக்குக் குப்பைப் பைகளை ஒட்டினாள்.
"ஜனவரியில் வந்திருக்கலாம் நீங்கள்" என்றாளாம்,
"ஊரே திரைபோட்டுக் கிடக்கும்."

கட்டி எடுத்த குழிக்குள்
பாதிப் பேருக்கு மருந்து தோய்ந்த வில்லைகள்,
மீதிப் பேருக்கு வெறும் வில்லைகள்.
யாருக்கு எது?
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது,
என் இரும்பு அலமாரிக்குள் ஒட்டிய உறைகளுக்குத் தெரியும்.

பதினெட்டாம் எண் விழித்தபடியே படுத்திருந்தார்,
காவ்தொக்கெய்னோவிலிருந்து வந்த இஸ்ஸாத்.
படம் காட்டிப் பெயர் கேட்டார்கள்.
மின்முனை தொட்டதும் நார்வேஜிய மொழி நின்றுபோனது,
நாற்காலிக்குச் சொல் வரவில்லை.
ஆனால் சாமி மொழியில் நீளமாக ஏதோ சொன்னார்.
அறையில் ஒருவருக்கும் புரியவில்லை.
"சமையலறையில் எல்லே இருப்பாள், கூப்பிடுங்கள்!"
தட்டு கழுவிக்கொண்டிருந்தவள்
அங்கியும் தொப்பியும் மாட்டி ஓடிவந்து
காது கொடுத்துக் கேட்டுச் சொன்னாள்:
"கால் மரத்துப்போச்சாம். இன்னும் எவ்வளவு நேரம் என்கிறார்."
மறுநாள் எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கூடியது:
வீட்டில் பேசும் மொழி.

உயிர்வாழ்வு வரைபடம் ஒரு படிக்கட்டு.
உச்சியில் எல்லாரும் நிற்கிறார்கள்.
ஒருவர் போனால் கோடு ஒரு படி இறங்கும்.
இருப்பவருக்குச் சின்னதாய் ஒரு செங்குத்துக் கீறல்,
இன்னும் தெரியாது என்று அதற்குப் பொருள்.
கணக்கை முடிப்பது என் வேலை.
சொல்லிப் பார்த்தால் வாய் கூசுகிறது.

பதினாலு வருடம் கழித்து உறைகளைப் பிரித்தோம்.
இரண்டு கோடுகளும் தோளுரசிக்கொண்டு
ஒரே வேகத்தில் இறங்கின.
மருந்து தோற்றது.
இங்குன் ஒரு வாழைப்பழத்தை உரித்தாள், தின்னவில்லை.
பிறகு திரையின் வலது ஓரத்தில் விரலை வைத்தாள்.
"இது யார்?"

எல்லாரும் இறங்கிய பிறகும்
தரையைத் தொடாமல் நீண்டுகொண்டே போன ஒரு வால்.
முப்பத்தொன்று.
வார்தோ துறைமுகத்தில் மீன் எடைபோடும் யோருன்,
பன்னிரண்டாம் வருடம்.
"மருந்துப் பக்கமா?"
"வெறும் வில்லை."
அவள் சிரித்தாள்.
அழுகைக்கு முந்தைய சிரிப்பு என்று பயந்தேன்;
இல்லை,
சீட்டாட்டத்தில் சுத்தமாகத் தோற்றவளின் சிரிப்பு.

கட்டுரையில் எழுதினாள்:
இவர் ஏன் உயிரோடு இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.
இதழாசிரியர் அந்த வரியை எடுக்கச் சொன்னார்.
எங்கே வெட்டை நிறுத்துவதென்று
இருபத்தாறு வருடம் பழகிய கை அது;
அந்த வரிமேல் கத்தி படவிடவில்லை.

அவள் ஓய்வுபெறும் வாரம்
யோருன் என் மேசைக்கு அழைத்தார்.
ஆய்வு முடிந்துவிட்டதாமே,
இனி ஸ்கேனுக்கு வரவேண்டுமா?
கப்பலில் ஒன்றரை நாள், குளிர் வேறு.
மேலே கேட்டேன்.
"வரவேண்டிய அவசியமில்லை என்று சொல்" என்றாள் இங்குன்.
கொஞ்சம் பொறுத்து,
"வந்தால் நல்லது என்றும் சொல்."

சொன்னேன்.
பிறகு, மூடி முத்திரை வைத்த கோப்பின் பிரதி ஒன்றைத் திறந்து,
யாரும் கேட்காத வேலை,
முப்பத்தொன்றின் கீறலை
ஒரு மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினேன்.